ஒரு விரல் காயமும் ஓர் எண்ணெய் மேடையும்

2005-ஆம் ஆண்டு ஜூலை 27. முந்தைய நாள் பெய்த 944 மி.மீ. மழையில் மும்பை மாநகரம் மூழ்கிக் கிடந்தது. கரையிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவில், அரபிக்கடலில் உள்ள 'மும்பை ஹை' எண்ணெய் வயலில் 'சமுத்ரா சுரக்ஷா' என்ற பணிக்கப்பல் நீர்மூழ்கிப் பணிகளுக்குத் துணையாக நின்றுகொண்டிருந்தது. அதன் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரின் இரண்டு விரல்களின் நுனிகள் துண்டாயின. சமையலறைகளில் நேரக்கூடிய விபத்துதான். நிலத்தில் என்றால் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குச் சென்றிருப்பார்.

ஆனால், அது கடல். கரையில் கொட்டிய மழையால் ஹெலிகாப்டர்கள் பறக்க முடியவில்லை. எனவே, காயம்பட்டவரை அருகிலிருந்த மும்பை ஹை வடக்கு மேடைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளிக்க முடிவு செய்யப்பட்டது. காற்று வீசும் திசையிலிருந்து மேடையை நெருங்கியது கப்பல். அதன் உந்துவிசை அமைப்பில் கோளாறு இருந்ததால் கணினிக் கட்டுப்பாட்டைக் கைவிட்டுக் கைமுறையாகவே அதை இயக்கினர். கிரேனில் தொங்கிய கூடையில் சமையலர் மேடைக்கு ஏற்றப்பட்டார். அதன்பின் அலையில் அலைக்கழிந்த கப்பலின் பின்பகுதி, எரிவாயுவை மேலே கொண்டுவரும் குழாய்களின் மீது மோதியது. வாயு கசிந்தது, தீப்பிடித்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடை முழுவதும் அழிந்துபோனது.

அந்த வளாகத்தில் இருந்த 384 பேரில் 362 பேர் மீட்கப்பட்டனர். 22 பேர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். கப்பலில் இருந்த அழுத்த அறைக்குள் ஆறு நீர்மூழ்கிப் பணியாளர்கள் இருந்தனர். அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்காமல் அந்த அறையிலிருந்து எவரும் வெளியே வர இயலாது. ஏறத்தாழ 36 மணி நேரத்துக்குப் பிறகே அவர்கள் மீட்கப்பட்டனர். தீக்கிரையான கப்பலும் ஒரு சில நாள்களில் கடலில் மூழ்கியது.

இந்த விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. உந்துவிசைக் கோளாறு, நெருங்கிய திசை, பாதுகாப்பு வேலியின்றி வெளிப்புறமாக அமைந்த எரிவாயுக் குழாய்கள் என ஒவ்வொன்றும் சங்கிலியின் ஒரு கண்ணி. எனினும், அச்சங்கிலியின் முதல் கண்ணி ஒரு மருத்துவத் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. அந்தக் காயத்தைக் கப்பலிலேயே கட்டி, வலியைத் தணித்து, தொற்று ஏற்படாமல் பார்த்துக்கொண்டு, கடல் அடங்கும் வரை காத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு உறுதியாக 'முடியும்' என்று சொல்லும் நிலை ஒவ்வொரு பணிக்கப்பலிலும் இருந்தாக வேண்டும். கடலில் ஒருவரை இடம் மாற்றுவது என்பதே ஓர் ஆபத்து. அந்த ஆபத்தின் தேவையைக் குறைப்பதுதான் கப்பலின் மருத்துவ அறை செய்யும் முதல் பணி.

கடலே இல்லாத தெள்ளாரில் அமர்ந்துகொண்டு கடல் மருத்துவத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஆரணிப் பட்டுக்குத் தறி நெய்யும் குடும்பங்கள் வாழும் ஊர் இது. தறியின் வருமானம் இரண்டு தலைமுறைகளுக்குப் போதாது என்று ஆனபின், பிள்ளைகள் தொழிற்பயிற்சி முடித்து வெல்டராகவும் ஃபிட்டராகவும் வெளியூர் சென்றனர். அவர்களில் சிலர் ஒப்பந்தக்காரர்கள் வழியாக மேற்குக் கடலில் எண்ணெய் மேடைப் பணிக்கும் போகின்றனர். எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞர், சில ஆண்டுகளுக்கு முன்பு விடுமுறையில் வந்தபோது ஒரு கண் சிவந்திருந்தது. வெல்டிங் பொறி பட்டதாம். கண் கழுவும் மருந்து காலாவதியாகியிருந்ததாம். கரைக்குத் திரும்பும் படகு வரும்வரை இரண்டு நாள் ஈரத்துணியோடு கிடந்திருக்கிறார். "மருந்துப் பெட்டி இருந்தது சார், அதற்குப் பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு, 2013 ஆகஸ்ட் 20-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு 2015 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. எல்லாக் கப்பல்களிலும் மருந்துப் பெட்டியும் மருத்துவக் கருவிகளும் மருத்துவக் கையேடும் இருக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட மாலுமிகளுடன் மூன்று நாள்களுக்கு மேல் பயணம் செய்யும் கப்பலில், மருத்துவத்துக்கு மட்டுமே பயன்படும் தனி அறை இருக்க வேண்டும். அது எல்லா வானிலையிலும் எளிதில் சென்றடையக்கூடியதாக இருக்க வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்டோருடன் மூன்று நாள்களுக்கு மேல் சர்வதேசப் பயணம் செய்யும் கப்பலில் தகுதி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். மருந்துப் பெட்டியை 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் அதன் வழிகாட்டுதல் கூறுகிறது.

அந்த அறையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் வழிகாட்டிகள் உள்ளன. உலக சுகாதார அமைப்பின் கப்பல்களுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2007-இல் வெளியானது. ஆபத்தான சரக்குகளால் நேரும் விபத்துகளுக்கான முதலுதவி வழிகாட்டி இன்னும் துல்லியமாகப் பேசுகிறது. கப்பல் மருத்துவ அறையில் 40 லிட்டர் கொள்ளளவும் 200 பார் அழுத்தமும் கொண்ட ஆக்சிஜன் உருளை, ஒரே நேரத்தில் இருவருக்கு ஆக்சிஜன் செலுத்தும் வகையில் உடனடிப் பயன்பாட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். அதோடு, எடுத்துச் செல்லக்கூடிய 2 லிட்டர் உருளையும் அதற்கு ஒரு மாற்றும் வேண்டும் என்கிறது. நச்சு வாயு கசியக்கூடிய இடத்தில் வேலை செய்வோருக்கு இது ஆடம்பரம் அல்ல, உயிர்மூச்சு.

இவற்றோடு, குறுகலான படிக்கட்டிலும் செங்குத்தாகத் தூக்கிச் செல்லக்கூடிய தூக்குப்படுக்கை, எலும்பு முறிவுக்கான கட்டைகள், தையல் கருவிகள், தீக்காயத்துக்கான கட்டுத்துணிகள், கண் கழுவும் திரவம், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததைக் காட்டும் வெப்பமானி, ரத்த அழுத்தமும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் காட்டும் கருவிகள், குளிர்பதனப் பெட்டி, வலி நீக்கும் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு ஒரு பூட்டும் ஒரு பதிவேடும் தேவை. இதயம் நின்றுவிட்டால் மின்னதிர்ச்சி கொடுத்து இயக்கும் தானியங்கிக் கருவியை ஜெர்மனி தன் கொடி தாங்கிய வணிகக் கப்பல்களில் கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்குப்படுக்கை திரும்பி நுழையுமளவுக்கு அகலமான கதவு வேண்டும். பொருள்களின் பட்டியலைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கதவை மறந்துவிடுகிறார்கள்.

பட்டியல் இருந்தும் குறை எங்கே நேர்கிறது? விதிகளை உருவாக்கியவர்களின் மனத்தில் இருந்தது, ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கப்பல். அதனால் அவர்கள் 'பயணம்', 'நாள்', 'மாலுமி' ஆகிய மூன்று அளவுகோல்களைக் கொண்டே தேவையை அளந்தார்கள். எண்ணெய் வயலில் நிற்கும் பணிக்கப்பலோ பயணம் செய்வதில்லை; வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. சர்வதேச எல்லையைக் கடப்பதில்லை. கரையோர வணிகத்தில் ஈடுபடும் கப்பலுக்கு மருத்துவ அறை விதியைத் தளர்த்த அந்தந்த நாட்டு அரசுக்கு அதிகாரம் உண்டு. கப்பலில் இருப்போரில் பெரும்பான்மையினர் மாலுமிகளும் அல்லர். வெல்டர், ஃபிட்டர், பெயின்டர், சமையல் உதவியாளர் எனத் தொழிற்பணியாளர்கள். ஆகவே, 30 மாலுமிகளோடு மூன்று கடல்களைக் கடக்கும் சரக்குக் கப்பலுக்கு எழுத்தில் தெளிவாக உள்ள கடமை, 250 பேரைத் தாங்கி நிற்கும் தங்குமிட மிதவைக்கு அதே தெளிவோடு இல்லை. ஆபத்து அதிகமுள்ள இடத்தில் விதி மங்கலாக இருக்கிறது.

இது வெறும் ஏட்டு வாதம் அல்ல. 2021 மே 17-இல் டவ்தே புயலில் சிக்கி மும்பை கடலில் மூழ்கிய 'பி-305' அத்தகைய தங்குமிட மிதவைதான். சொந்த இயந்திரம் இல்லாத அந்த மிதவையில் 261 பேர் இருந்தனர். அதற்குத் துணையாக இருந்த 'வரப்பிரதா' இழுவைக் கப்பலும் மூழ்கியது. இரண்டிலும் சேர்த்து 80-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புயல் எச்சரிக்கைக்குப் பிறகும் அவை ஏன் அங்கே நின்றன என்பதுதான் அந்தத் துயரத்தின் மையக் கேள்வி. அதை மருத்துவக் கருவிகள் தீர்த்திருக்கா. ஆனால், உயிர் தப்பியவர்கள் பல மணி நேரம் கடல்நீரில் மிதந்தவர்கள். அத்தகையோரை முதலில் தூக்கி ஏற்றும் கப்பல் எதுவாயினும், அதில் கம்பளியும் ஆக்சிஜனும் வெதுவெதுப்பான படுக்கையும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அடுத்த ஒரு மணி நேரம் அமைகிறது. 1988 ஜூலை 6-இல் 167 பேரைப் பலிகொண்ட 'பைப்பர் ஆல்ஃபா' மேடை விபத்துக்குப் பிறகு, வட கடலில் மேடைகளுக்கு அருகே நிற்கும் மீட்புக் கப்பல்களில் மருத்துவ அறையையும் பயிற்சி பெற்ற பணியாளர்களையும் பிரிட்டன் வலியுறுத்தியது. மேடைகளில் மருத்துவப் பணியாளர்களை அமர்த்துவது தொடர்பான விதிகளையும் 1989-இல் கொண்டுவந்தது. மும்பை ஹை விபத்துக்குப் பிறகு இந்தியாவும் கடல்சார் எண்ணெய்ப் பணிகளின் பாதுகாப்புக்காக 2008-இல் தனி விதிகளை வகுத்தது. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம் அவற்றைக் கண்காணிக்கிறது. எனினும் மேடைக்கு ஒரு துறை, கப்பலுக்கு ஒரு துறை, தொழிலாளருக்கு ஒரு துறை என்று பொறுப்பு பிரிந்தே கிடக்கிறது.

பொருளியல் மாணவனாக இதை நான் பார்க்கும் விதம் சற்று வேறு. மருத்துவ அறை ஏன் மெலிந்துபோகிறது என்பதற்கு யாருடைய கொடுமனமும் காரணம் அல்ல; ஊக்குவிப்புகளின் அமைப்புதான் காரணம். கப்பலுக்கு உரிமையாளர் ஒருவர். அதை நாள் வாடகைக்கு எடுப்பவர் இன்னொருவர். அதில் ஆளை ஏற்றுபவர் மூன்றாமவர். வேலை செய்பவர் நான்காமவர். கருவிக்கான செலவு முதலாமவருடையது. அதனால் தவிர்க்கப்படும் இழப்பின் பயனோ மற்ற மூவருக்கும் சேர்கிறது. தன் செலவில் பிறருக்குக் கிடைக்கும் பயனை எந்த வணிகரும் போதிய அளவு உற்பத்தி செய்வதில்லை என்பது எங்கள் பாடத்தின் பழைய முடிவு. மிகக் குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற முறை இதை மேலும் மோசமாக்குகிறது. எஞ்சினில் செலவைக் குறைத்தால் கப்பல் நகராது; உடனே தெரிந்துவிடும். மருத்துவ அறையில் குறைத்தால் ஒருவர் நோயுறும் வரை எவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் சிக்கனம் கைவைக்கும்.

எதிர்வாதங்களையும் பார்க்க வேண்டும். 'ஹெலிகாப்டர் இருக்கும்போது கப்பலில் மருத்துவமனை எதற்கு' என்பது முதலாவது. பெரும்பாலான நாள்களில் இது சரி. ஆனால் ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலையில்தான் தளம் வழுக்குகிறது, கிரேன் ஆடுகிறது, பாத்திரம் சரிகிறது, கை நழுவுகிறது. விபத்துக்கான வாய்ப்பும் உதவி வராமல் போவதற்கான வாய்ப்பும் ஒரே மேகத்திலிருந்து வருகின்றன. ஒன்றைக் காப்பீடாக நம்பி மற்றொன்றைக் கைவிடுவது, வெள்ளத்தில் மட்டும் செல்லாத வெள்ளக் காப்பீட்டை வாங்குவதற்கு ஒப்பாகும்.

'சிறிய இழுவைக் கப்பலில் மருத்துவ அறைக்கு இடம் ஏது' என்பது இரண்டாவது. இதில் நியாயம் உண்டு. எல்லாக் கலங்களுக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. ஐரோப்பிய நாடுகள் 1992-இன் நெறிமுறைப்படி கப்பல்களை மூன்று வகைகளாகப் பிரிக்கின்றன. எல்லையற்ற தொலைவுக்குச் செல்பவை, தகுந்த மருத்துவ வசதியுள்ள துறைமுகத்திலிருந்து 150 கடல் மைலுக்குள் இயங்குபவை, கரைக்கு மிக அருகே இயங்குபவை என்பவை அவை. இங்கே அளவுகோல் மருத்துவமனையிலிருந்து உள்ள தொலைவு. சர்வதேச எல்லை அல்ல. அந்தக் கணக்கில் மும்பை ஹை வயல் இரண்டாவது வகைக்குள் வரும். இந்தப் பகுப்போடு, கப்பலில் உள்ள அனைவரின் எண்ணிக்கையையும் செய்யப்படும் வேலையின் தன்மையையும் சேர்த்துக்கொண்டால் நமக்கு ஏற்ற அட்டவணை கிடைத்துவிடும்.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது. 'கருவி வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? இயக்கத் தெரிந்தவர் வேண்டாமா?' உண்மைதான். கை தெரியாதவரிடம் உள்ள கருவி அலமாரிப் பொம்மைதான். மருத்துவர் இல்லாத கப்பலில் மருத்துவப் பொறுப்பை ஏற்கும் அதிகாரி உரிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று சர்வதேச விதி கூறுகிறது. ஆனால், சரக்குக் கப்பலில் இருபது பேரைக் கவனிக்கும் அதிகாரியின் நிலையும், எரிவாயுவுக்கும் உயரத்துக்கும் நடுவே வேலை செய்யும் இருநூறு பேரைக் கவனிக்கும் அதிகாரியின் நிலையும் ஒன்றல்ல. கப்பலைச் செலுத்தும் கடமையும் அவருக்கு உண்டு. இத்தகைய கலங்களுக்கு முழுநேரச் செவிலியரோ அவசர மருத்துவப் பணியாளரோ தேவை. 108 ஆம்புலன்ஸ் சேவையில் அனுபவம் பெற்ற இளைஞர்களும், ஆண்டுதோறும் செவிலியர் படிப்பை முடித்து வேலை தேடுவோரும் தமிழகத்தில் நிறைய உள்ளனர். சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் நம் மருத்துவப் பல்கலைக்கழகமும் இணைந்து, சில மாத காலக் கடல் மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கினால் அவர்களுக்கு வேலையும் கப்பல்களுக்கு ஆளும் ஒருசேரக் கிடைக்கும்.

கரையிலிருந்து வழிகாட்டுவதும் புதிய சிந்தனை அல்ல. ரோம் நகரில் 1935-இல் தொடங்கப்பட்ட சர்வதேச வானொலி மருத்துவ மையம், எந்த நாட்டுக் கொடி என்று பாராமல் கப்பல்களுக்கு இலவச மருத்துவ ஆலோசனை வழங்கி வருகிறது. வானொலியைக் கண்டறிந்த மார்க்கோனியே அதன் முதல் தலைவர். செயற்கைக்கோள் வழியே படமும் இதயத் துடிப்பின் வரைபடமும் நொடியில் அனுப்ப முடிகிற இக்காலத்தில், நம் மாநிலத்தின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் கடலுக்கென ஒரு மேசை, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்லும் மருத்துவருடன் 24 மணி நேரமும் இயங்குவது எட்டாத கனவல்ல.

இதைப் பேச இதுவே தக்க காலம். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. கடலில் நகரும் துரப்பண மேடைகளையும் 'கலம்' என்ற வரையறைக்குள் அது கொண்டுவந்திருக்கிறது. வரையறை விரிந்தால் மட்டும் போதாது. அதன்கீழ் வகுக்கப்படும் மருத்துவ விதிகளும் அதே அளவுக்கு விரிய வேண்டும். இன்னொரு பக்கம், கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய் மதிப்பிலான உதவித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. குஜராத் கடலிலும் தமிழகக் கடலிலும் தலா 500 மெகாவாட் என்பது அதன் இலக்கு. அது நிறைவேறும்போது, இதுவரை மேற்குக் கடலின் சிக்கலாக இருந்தது மன்னார் வளைகுடாவின் சிக்கலாகவும் ஆகும். கோபுரங்களின் உயரத்திலும் உயர் மின்னழுத்தத்துக்கு அருகிலும் பணிபுரியப்போகிறவர்கள் நம் பிள்ளைகள்.

செய்ய வேண்டியவை பல இல்லை. முதலாவதாக, மருத்துவ அறை, கருவி, பணியாளர் ஆகியவற்றின் தேவையைக் கப்பலில் உள்ள அனைவரின் எண்ணிக்கையையும், மருத்துவமனையை அடைய ஆகும் நேரத்தையும் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். இரண்டாவதாக, ஒப்பந்தப்புள்ளியில் மருத்துவச் செலவைத் தனி இனமாக்கி, விலைப் போட்டியிலிருந்து விலக்க வேண்டும். அனைவருக்கும் ஒரே தொகை என்றால் அதில் குறைத்து வெல்ல எவராலும் இயலாது. மூன்றாவதாக, கலம் பணிக்குச் செல்லும் முன் கருவிகளையும் காலாவதித் தேதிகளையும் நேரில் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். சாவி யாரிடம் உள்ளது என்பது கதவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்காவதாக, கடலிலிருந்து மருத்துவக் காரணங்களுக்காகக் கரைக்குக் கொண்டுவரப்பட்டோர் எத்தனை பேர், என்ன காரணம், எத்தனை மணி நேரம் ஆனது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணப்படாத துன்பத்துக்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.

இந்த விவாதத்தில் குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களையும் நாம் மறக்கலாகாது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் அவர்களுக்கு மருத்துவ அறை கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நல்ல மருந்துப் பெட்டி, படகுக்கு ஒருவருக்கேனும் முதலுதவிப் பயிற்சி, மருத்துவரோடு பேச ஒரு தொடர்பு ஆகியவற்றைக் கேட்பது ஒவ்வும். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண் அவசரத்துக்கு உண்டு. அந்த உதவி வந்து சேரும் வரையிலான மணி நேரங்களைத் தாங்குவதற்குத்தான் பெட்டி.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுவார். விட்டுவிட்டால் சேலை முழுவதும் கெடும் என்பது அவருக்குத் தெரியும். 2005-இல் அறுந்த இழை ஒரு சமையலரின் இரண்டு விரல் நுனிகள். அதைக் கடலிலேயே முடிச்சிடும் ஏற்பாடு ஒவ்வொரு பணிக்கப்பலிலும் உள்ளதா என்பதை, அடுத்த பருவமழைக்கு முன்பாக யாராவது ஒருவர் ஏறிச் சென்று பார்க்க வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி ஓய்வு)